கண்ணாக் காட்டில் போட்ட வலை

வள்ளத்தில் ஐந்து பேர்.

முன்பலகையில் பறவை எண்ண வந்தவர். முப்பது வயது இருக்கும். கழுத்தில் தூரக்கண்ணாடி, மடியில் கொப்பி.

அவருக்குப் பின்னால் வனசீவராசித் திணைக்களத்து அதிகாரி. பெண். வவுனியாப் பக்கத்து ஆள். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம்.

நடுவில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். அன்றைக்கென்று வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார்.

அவருக்கு எதிரே நான்.

பின்னால் நின்று கோல் ஊன்றியவன் என் மகன். வள்ளம் அவனுடையது. பறவை கலையும் என்று மிஸ் சொன்னதால் இயந்திரத்தைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

நாரந்தனைக்கு அப்பால், எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது அந்தச் சதுப்பு. உப்புத் தண்ணீரில் வேர் விட்டு நிற்கும் கண்ணா மரமும் சேறும். நடுவால் ஒரு ஓடை போகிறது. எங்கள் ஊர் வள்ளம் பதினாலும் அந்த ஓடையால்தான் கடலுக்கு இறங்கும். வேறு வழி இல்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் இறங்கலாமே என்பார்கள். அங்கே கட்டுகிற இடமெல்லாம் அங்குள்ளவர்களுடையது. நாங்கள் போய் வள்ளம் கட்டினால் அடிதடி.

சதுப்பைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டுவிட்டார்கள். ஓடையை மூடுவதா விடுவதா என்று முடிவு செய்யத்தான் மிஸ் வந்தார். அவர் அன்று காண்பதைப் பொறுத்து எழுதுவார். மூடு என்று எழுதினால் என் மகனுக்குத் தொழில் இல்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னது தவழ்கிறது.

வருகிறவர் பெண் என்பதால் வள்ளத்தில் ஒரு பொம்பிளையும் வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். அந்தச் சேற்றில் நாற்பது வருடம் மட்டி கிளறியவள் நான். என்னைப் பிடித்தார்கள்.

முதல் நாள் பின்னேரம் தலைவர் வீட்டுக்கு வந்து சொன்னார்:

"அக்கா, நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. மிஸ்ஸுக்கு ஒண்டுக்கு வந்தால் ஒரு மறைவு காட்டிவிடுங்கோ. காணும்."

"ஓம்" என்றேன்.

"கதை முழுக்க நான் கதைப்பன்."

"அது தெரியும்" என்றேன்.

காலையில் ஏறினோம். ஓடையின் வாய் தார் றோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. றோட்டில் நின்று கையை வீசினால் எதுவும் அதற்குள் விழும். விழுந்து கிடந்தது. கோழிக்கடைக் கழிவு உரப்பைகளில் கட்டி எறிந்திருந்தது. பை வெடித்துக் குடல் வெளியே வந்து தண்ணீரில் மிதந்தது. இறகு ஒட்டிய தோல். கால்கள். மேலே பச்சை ஈ. வெயில் இன்னும் ஏறவில்லை, அதற்கிடையில் அந்த மணம். மூக்கால் வரவில்லை, வாயால் வந்தது. நாக்கில் படிந்தது.

மிஸ் சால்வையை எடுத்து மூக்கைப் பொத்தினார். கண்ணில் தண்ணீர்.

"உது எங்கட ஆக்கள் இல்லை மிஸ்" என்றார் தலைவர். "வெளியாலை இருந்து கொண்டுவந்து எறியிறாங்கள். எங்கட சனம் இந்த ஓடையைக் கோயில் மாதிரி வைச்சிருக்குது."

கோழிப் பைக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கட்டும் நாப்கின்கள் ஊதிக் கிடந்தன. ஒவ்வொன்றும் தலையணை அளவு. அதில் பாதி எங்கள் வீட்டுடையது. மருமகள் சொப்பிங் பையில் கட்டிக் கொடுப்பாள். மகன் தொழிலுக்குப் போகும்போது எறிவான். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒன்றும் சொன்னதில்லை.

மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

கொஞ்சம் உள்ளே போனதும் அவன் ஊன்றிய கோல் எதிலோ இறங்கியது. சேறு இல்லை. காற்றுப் போகிற சத்தம் கேட்டது. ஒரு நாய் அடியிலிருந்து புரண்டு மேலே வந்தது. மயிர் கழன்ற நாய். வயிறு வெடித்திருந்தது. வள்ளத்தின் பக்கப்பலகையில் உரசிக்கொண்டே பின்னால் போனது.

மிஸ் வெளியே குனிந்து சத்தி எடுத்தார்.

நான் போத்தல் தண்ணீரைக் கொடுத்தேன். வாய் கொப்பளித்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் திரும்பிப் போவோம் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"அம்மா, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டார்.

"எனக்கும் ஓங்காளம்தான் மிஸ். பழகிப்போச்சு."

"உதுக்கு ஏன் பழகினனீங்கள்?"

நான் போத்தலை வாங்கி மூடினேன்.

இரண்டு வளைவு தாண்டினால் சதுப்பு வேறு. குப்பை அவ்வளவு தூரம் வராது, வேர்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிந்து கிடக்கும். திட்டியில் கூழைக்கடாக்கள் நின்றன. அப்பால் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள், தலையைக் கீழே விட்டுக்கொண்டு. பறவை எண்ண வந்தவர் பேசாமல் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நாலு கோடு, ஒரு வெட்டு. நாலு கோடு, ஒரு வெட்டு. நாங்கள் நண்டுக்கூடைக்குப் போடுகிற கணக்கும் அதுதான்.

தலைவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"பாத்தீங்களே மிஸ், எவ்வளவு வடிவு. இந்தப் பூநாரை எல்லாம் வந்துபோற ஆக்கள். நாங்கள்தான் நிரந்தரம். அதுகளுக்கு இடம் விட்டு எங்களை மறிக்கிறது ஞாயமோ?"

"அதுகள் குப்பை போடுறேல்லை அண்ணை" என்றார் மிஸ்.

பறவை எண்ண வந்தவர் சிரித்தார். மகனும் சிரித்தான். தலைவர் சேட்டுக் கையைச் சரி செய்தார்.

மிஸ் என்னிடம் கேட்டார்: "அம்மா, நீங்கள் இதுக்குள்ளை என்ன எடுக்கிறனீங்கள்?"

"மட்டி. கண்ணாக் கொத்து ஆட்டுக்கு."

"இப்பவும்?"

"இப்ப குறைவு. கால் வைக்க ஏலாது. போத்தில் ஓடு குத்தும்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடினேன்.

மூன்றாவது வளைவுக்குக் கிட்டப் போகும்போதே எனக்குத் தெரியும். மகன் அந்த இடத்தில் கோலை வேகமாக ஊன்றினான். சீக்கிரம் தாண்டிவிடப் பார்த்தான். ஆனால் காற்று எங்கள் பக்கம் இருந்தது. மணம் வந்தது. இது கோழிக்கழிவின் மணம் இல்லை. காய்ந்த கருவாட்டோடு பழைய எண்ணெய் கலந்த மாதிரி ஒரு மணம்.

"நிப்பாட்டுங்கோ" என்றார் முன்னால் இருந்தவர்.

கண்ணாக் கொப்புகளில் ஒரு நண்டு வலை. பாதி மரத்தில், பாதி தண்ணீரில். தங்கூசி, நைலோன் நூல், வெயிலுக்குக் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தது அதில் மாட்டியிருந்தவைதான். ஒரு நீர்க்காகம் இரண்டு செட்டையும் விரித்தபடி தொங்கியது. கழுத்து நூலுக்குள். அதற்குக் கீழே கொக்கு ஒன்று, வெறும் எலும்பும் இறகும். அதற்குப் பக்கத்தில் எது என்று சொல்ல முடியாத ஒன்று. அதற்குக் கண் இருந்த இடத்தில் புழு நெளிந்தது. தண்ணீருக்குள் போன பாதி வலையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நண்டுகள் அங்கே மொய்த்தன.

ஒன்று அசைந்தது. இன்னொரு நீர்க்காகம், உயிரோடு. எங்களைக் கண்டதும் அடித்தது. அடிக்க அடிக்க நூல் இறுகியது. வலை முழுவதும் குலுங்கி, மேலே தொங்கியதிலிருந்து புழு உதிர்ந்து என் மடியில் விழுந்தது. ஐந்தாறு இருக்கும். வெள்ளை. நான் தட்டிவிட்டேன்.

முன்னால் இருந்தவர் கத்தி கேட்டார். மகன் கொடுத்தான். அவர் இடுப்பளவு சேற்றில் இறங்கி நூலை அறுத்தார். பறவை அவர் கையைக் கொத்தியது. சேட்டைக் கழற்றி அதைச் சுற்றிக்கொண்டு ஏறினார். அதன் ஒரு செட்டை அரைவாசி அறுந்திருந்தது. கரைக்கு வரமுன் செத்துவிட்டது. அதைப் பிறகு சொல்லத் தேவையில்லை என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

நான் பறவையைப் பார்க்கவில்லை. மிதப்பைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் நண்டு வலைக்கு மிதப்பு வாங்குவதில்லை. பழைய றப்பர் செருப்பை வெட்டிக் கட்டுவோம். அது பெண்களின் வேலை. கடலில் வலை கலந்து போனால் யாருடையது என்று தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு. தலைவர் வீட்டுக்கு நாற்சதுரம். எங்கள் வீட்டுக்கு வட்டம், ஓரத்தில் ஒரு கொத்து.

மரத்தில் தொங்கியது வட்டம். ஓரத்தில் கொத்து. நீல றப்பர். என் கணவரின் செருப்பு. சீனி வருத்தத்தில் அவருக்கு வலது காலை எடுத்தார்கள். வீட்டில் ஒரு பக்கத்துச் செருப்பு மிச்சமாகக் கிடந்தது. வெட்டினேன்.

மகன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சொல்லாதே என்று.

தலைவருக்கும் அந்த வெட்டுத் தெரியும். அவர் முந்திக்கொண்டார்.

"உது அக்கரை ஆக்கள்ட வலை மிஸ். களவாய் வந்து போட்டிட்டுப் போறாங்கள். நாங்கள் எத்தினை தரம் கலைச்சனாங்கள்."

"அக்கரை ஆக்கள் எப்பிடி இதுக்குள்ளை வருவினம்?"

"இந்த ஓடையாலைதான் மிஸ்."

"அவையள் ஆர் எண்டு தெரியுமோ?"

"அது எப்பிடித் தெரியும்? ஆரோ வருவாங்கள், போவாங்கள்."

மிஸ் பேனையை எடுத்தார். "அப்ப ஓடையை மூடத்தான் வேணும் அண்ணை. ஆர் வாறது ஆர் போறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாத வழியை நான் எப்பிடித் திறந்துவிடச் சொல்லி எழுதுறது?"

தலைவரின் வாய் திறந்தபடி நின்றது. அவர் தோண்டிய கிடங்கு அது. எங்கள் பதினாலு வள்ளத்தையும் சேர்த்து அதற்குள் தள்ளிவிட்டார்.

மிஸ் எழுதத் தொடங்கினார்.

"என்ரை வலை மிஸ்" என்றேன்.

"அம்மா!" என்றான் மகன்.

"அக்காக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்றார் தலைவர். சிரிக்கவும் பார்த்தார். "காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டா."

"சாப்பிட்டனான். பாண்" என்றேன். "இது என்ரை வெட்டு. வீட்டிலை இதே செருப்பிலை வெட்டினது இன்னும் நாலு கிடக்குது. வந்து பாருங்கோ மிஸ்."

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். "இஞ்ச நண்டு பிடிக்கவோ போட்டனீங்கள்?"

"இல்லை. பழுதாப்போன வலை."

"குப்பையாய் எறிஞ்சனீங்களோ?"

"எறியேல்லை. வைச்சனாங்கள்."

விளங்கவில்லை அவருக்கு. விளங்கப்படுத்த எனக்கும் சரியாக வராது. சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கச் சனம். புது வலை கட்டினால் சுவாமியாரிடம் கொண்டுபோவோம். அவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தருவார். மந்திரித்த செபமாலை அறுந்தால் குப்பையில் போடுவோமா? வலையும் அப்படித்தான். கொளுத்தக் கூடாது, குப்பையில் எறியக் கூடாது, விற்கக் கூடாது. ஆள் கால் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஊரில் ஆள் கால் படாத இடம் கண்ணாக் கொப்பு ஒன்றுதான். என் மாமியாரும் இங்கேதான் வைத்தார். அந்தக் காலத்தில் பருத்தி நூல். இரண்டு மாரிக்கு உக்கிப்போகும். தங்கூசி உக்காது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இவ்வளவையும் நான் ஏழெட்டுச் சொல்லில் சொன்னேன். மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

"அப்ப நீங்கள் மட்டுமோ?"

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"எல்லா வீடும்" என்றேன்.

பிறகு அவர் ஓடையின் இரண்டு பக்கமும் போகச் சொன்னார். போனோம். பார்க்கத் தெரிந்தால் எல்லா இடமும் வலைதான். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று தொங்கியது. நாற்சதுர வெட்டையும் கண்டேன். சொல்லவில்லை. அது என் வேலை இல்லை.

நான் வருடக் கணக்காக இந்த வலைகளுக்குக் கீழே குனிந்து மட்டி கிளறியிருக்கிறேன். மணம் வந்திருக்கிறது. செத்த மீன் என்று நினைத்தேன். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. மந்திரித்தது என்று கும்பிட்டு வைத்ததையும் கோழிக் குடலையும் ஒரே சேற்றில்தான் போட்டிருக்கிறோம். மடியில் புழு விழுந்த இடத்தை ஓடைத் தண்ணீர் அள்ளிக் கழுவினேன்.

கரையில் இறங்கியதும் மிஸ் சொன்னார்:

"இருவது நாள் தாறன். ஒரு வலை கிடக்கக் கூடாது. நான் வந்து பாப்பன். கிடந்தால் ஓடை வாயிலை கல்லுப் போட்டு மூடச் சொல்லி எழுதுவன். ஆர் ஆர்ட வலையிலை எத்தினை பறவை எண்டும் எண்ணி எழுதித் தரவேணும். பொய் எழுத வேண்டாம்."

அவர்கள் வாகனம் போனதும் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"திருப்தியோ அக்கா? ஊரைக் காட்டிக் குடுத்தாச்சு."

"மூடப் போனது நீர் சொன்ன பொய்யாலை" என்றேன்.

"நான் ஊருக்காகச் சொன்னனான்."

"நானும் அதுக்குத்தான்."

அவர் சேட்டைப் பார்த்தார். அதில் நாய்த் தண்ணீர் தெறித்திருந்தது. "அரியண்டம்" என்று துடைத்துக்கொண்டு போனார். சேட்டைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

வீட்டில் என் கணவர் கதிரையில் இருந்தார். மகன் எல்லாம் சொன்னான். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"வலையைக் கொளுத்த நான் விடன். எனக்குச் சோறு போட்ட வலை."

"இப்ப புழுவுக்குப் போடுது" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. நாங்கள் அதிகம் கதைக்கிறவர்கள் இல்லை. அவர் தொழிலுக்குப் போன காலத்திலும், வள்ளம் கரை தட்டும்போது நான் "எத்தினை?" என்று கேட்பேன். அவர் நண்டின் கிலோவைச் சொல்லுவார். அவ்வளவுதான் கதை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் போனேன். பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தரும் முன்னுக்கு வரவில்லை.

"சுவாமி, மந்திரிச்ச வலையைக் கொளுத்தினால் பாவமோ?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறது."

"மந்திரிச்ச சாமான் பழுதாப்போனால் கொளுத்தலாம். இல்லாட்டிப் புதைக்கலாம். அதுதானே முறை. நீங்கள் இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

பின்னால் நின்ற ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

இத்தனை வருடம். ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

நைலோன் புகை கூடாது என்று சுவாமியார் புதைக்கச் சொன்னார். எங்கள் சேமக்காலையின் மதிலோரம், கடைசிக் கல்லறைக்கு அப்பால், ஆண்கள் கிடங்கு வெட்டினார்கள். வலை எடுக்கிற வேலை பெண்களிடம் வந்தது. கட்டியது நீங்கள், எடுப்பதும் நீங்கள் என்றார்கள்.

இறங்கினோம். கையில் சொப்பிங் பையை மாட்டி மணிக்கட்டில் கயிறு கட்டினோம். அது கிழியும். வெறுங்கையால் எடுப்போம். பறவையைப் பிடித்து இழுத்தால் தலை வலையில் நிற்கும், உடம்பு கையோடு வரும். உடம்புக்குள் தண்ணீர். நகத்துக்குள் போகும். ஒருத்தி கொக்கின் காலைப் பிடித்து இழுத்து, அது கழன்று வர, அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்து மற்றவள் சிரித்தாள். "உன்ர மனுசனுக்குக் கறி வை, கொண்டு போ" என்றாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். பிறகு இரண்டு பேர் சத்தி எடுத்தார்கள்.

தேசிக்காய் போட்டுக் கை தேய்த்தேன். சாம்பல் போட்டேன். போகவில்லை. கரண்டியால் சாப்பிட்டேன். அப்படியும் சோறு அந்த மணம்தான். மருமகள் என்னைப் பிள்ளையைத் தூக்க விடவில்லை. அவள் செய்தது சரி.

என்னுடைய வலையை நான் தனியாக எடுத்தேன். இரண்டு நாள் வேலை. மரத்தில் இருந்த பாதி முதல் நாள். தண்ணீருக்குள் இருந்த பாதி இரண்டாம் நாள். இரண்டாம் நாள் மகன் வந்து பக்கத்தில் இறங்கினான். நான் வலையைத் தூக்க, அவன் அறுத்தான். அறுத்ததைத் தகரத்தில் வரிசையாக வைத்தான். தலையை வைத்து எண்ணினேன். தலை இல்லாததைக் காலை வைத்து எண்ணினேன். ஒன்றை இரண்டு தரம் எண்ணவில்லை.

இடையில் அவன் கேட்டான்:

"அம்மா, அண்டைக்கு அந்த மனிசி மூடியிருந்தால் என்ன செய்திருப்பம்?"

"தெரியாது."

"தெரியாமலோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

கொஞ்ச நேரம் அறுத்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாப்கினை இனிக் கிடங்கு வெட்டிப் புதைக்கிறன்" என்றான். செய்தானா என்றால், செய்தான்.

கணக்குத் தாள் தலைவரிடம் இருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய் எழுதினார். நான் என் வீட்டுக் கணக்கைச் சொல்லும்போது பேனையைத் தூக்கிவிட்டார்.

"அக்கா, விசரே? எல்லாரும் ரெண்டு, மூண்டு எண்டுதான் சொல்லுகினம்."

"உங்கட வீட்டிலை?"

"ரெண்டு."

நாற்சதுர வெட்டு வலையைக் கிடங்கடியில் அவருடைய மனைவி விரித்தபோது நான் பக்கத்தில் நின்றவள். ஏழு வரைக்கும் கண்டேன். அதற்கு மேல் பார்க்க விரும்பவில்லை.

"நான் சொன்னதை எழுதும்" என்றேன். எழுதினார்.

இருபதாம் நாள் மிஸ் வந்தார். இந்த முறை வள்ளத்தில் நான் போகவில்லை. கரையில் நின்றேன். கரை முழுக்கச் சனம். யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து வள்ளம் வந்தது. மகன் கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஓம் என்று தலையை அசைத்தான். அதிலிருந்து ஒரு வலையும் கிடக்கவில்லை என்று விளங்கியது.

மிஸ் இறங்கித் தாளை வாங்கிப் படித்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் ரெண்டு, மூண்டு. உங்களுக்கு மட்டும் இவ்வளவோ அம்மா?"

"எண்ணினது மிஸ்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ரெலிபோனைப் பார்த்தார்.

"ஒருத்தராவது எண்ணியிருக்கிறியள்" என்றார் மிஸ்.

ஓடை திறந்து கிடக்கும். பதினாலு வள்ளத்துக்கும் நம்பர் அடிக்க வேண்டும். வேறு வள்ளம் வரக்கூடாது. உள்ளே இயந்திரம் போடக்கூடாது, கோல்தான். வருடா வருடம் வந்து பார்ப்பார்கள். அதை அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். சனம் கலைந்து போனது. தலைவருக்கு ஒருத்தர் சோடா உடைத்துக் கொடுத்தார். எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அது பரவாயில்லை.

வீட்டுக்கு வரும்போது ஓடையின் வாயைத் தாண்டித்தான் வர வேண்டும். புதிதாக இரண்டு உரப்பை கிடந்தது. கட்டு அவிழ்ந்து ஒரு கோழித் தலை வெளியே. ஈ இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. மிஸ்ஸின் வாகனம் போய்க் கால் மணித்தியாலம் ஆகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தேன். பிறகு இறங்கி இரண்டு பையையும் றோட்டுக்கு இழுத்துப் போட்டேன். யாராவது மிதிக்கட்டும்.

என் கணவர் கதிரையில் இருந்தார். நான் கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டு வந்தேன்.

"ஓடை?" என்றார்.

"திறந்திருக்கும்."

"வலையைப் புதைச்சாச்சோ?"

"ஓம்."

அவர் மிச்சக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வள்ளம் கரை தட்டும்போது நான் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"எத்தினை?"

"பத்தொன்பது."